உத்தரவு நரம்பு

அருப்புக்கோட்டைப் பருத்திக் கிட்டங்கியில் மூட்டை தூக்கும் ஆண்டிச்சாமிக்கு வலது கை சூம்பிக்கொண்டே வந்தது. குஷ்டம் என்று ஊர் பேசியதால், அவன் பெண்டாட்டி வெள்ளைத்தாயைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டிப்போக அவள் அண்ணன் சங்கையா வந்து நின்றான். அவள் அசையவில்லை. “டாக்டரு சொல்லட்டும், பெறகு வாரேன்” என்றாள். மூவரும் மதுரைக்குப் பஸ் ஏறினார்கள்.

டாக்டர் விரல் நுனியில் ஊசியால் குத்தினார். “ஆத்தாடி!” என்று கையை இழுத்துக்கொண்டான் ஆண்டிச்சாமி.

“குஷ்டம்னா விரல் மரத்திருக்கும். வலியைச் சொல்ற நரம்பு வேற, தசைக்கு உத்தரவு கொண்டுபோற நரம்பு வேற. இவருக்கு உத்தரவு நரம்பு மட்டும் சாகுது. அதான் சதை கரையுது. யாருக்கும் ஒட்டாது.”

“அது எதுனால சாகுது சாமி?”

“இன்னும் யாருக்கும் தெரியல.”

சங்கையா எழுந்தான். “ஒட்டாதுல்ல, அப்ப நான் மட்டும் கெளம்புறேன் மாப்ள.”

வெள்ளைத்தாய் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. கைக்குப் போகும் உத்தரவு நரம்பு எங்கிருந்து கிளம்புகிறது என்று புருஷன் கேட்க, டாக்டர் அவன் பிடரியைத் தொட்டுக் காட்டினார். அவளும் எட்டிப் பார்த்தாள்.