நைனா முகமது வாங்கிய படகு மோட்டார்

1959ஆம் வருஷக் கோடையில், நாகல் நகரில் தோல் வியாபாரி நைனா முகமதுவின் வாசற்படிக்கும் தெருவுக்கும் நடுவே இரண்டு மைல் தண்ணீர் கிடந்தது. இடப்பக்க வீட்டிலும் வலப்பக்க வீட்டிலும் ஈரம்கூட இல்லை. அவர்கள் எப்போதும்போல மூன்றே எட்டில் தெருவுக்கு வந்தார்கள். குடிதண்ணீருக்கு அல்லாடிக்கொண்டிருந்த ஊர் குடத்தோடு ஓடிவந்து, ஒரு வாய் குடித்துப் பார்த்து, உப்பு என்று துப்பிவிட்டுப் போனது. நைனா முகமது எருமைத்தோலில் ஒரு படகு தைத்துக்கொண்டார். கரையேறியதும் பின்பலகையைக் கழற்றி, படகைப் பாய்போலச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு கிடங்குக்குப் போவார். துடுப்புப் போட்டு வீடு சேர ஒன்றரை மணி நேரம் ஆகும்.

அந்த வருஷக் கடைசியில் மனைவி சைனம்புவுக்கு வலி கண்டபோது, மருத்துவச்சி ஆரிபாவை ஏற்றிக்கொண்டு அப்படித்தான் துடுப்புப் போட்டார். போய்ச் சேர்ந்தபோது பிள்ளையைக் குளிப்பாட்டி அடக்கம் செய்கிற வேலைதான் மிச்சம் இருந்தது. மறு வருஷம் சைனம்புவுக்கு மறுபடியும் எட்டாம் மாதம். வலி வந்தால் மாடியில் சிவப்புச் சேலை கட்டுவதாகப் பேசியிருந்தார்கள். வற்றல் மூட்டையோ தபால் பெட்டியோ, சிவப்பாக எதைக் கண்டாலும் அவர் தோளிலிருந்த படகை இறக்கி விரித்துவிடுவார்.

தூத்துக்குடி வியாபாரி ஒருவரிடம் இரண்டு எச்.பி.யில் ஒன்றும் ஐந்து எச்.பி.யில் ஒன்றுமாகப் படகு மோட்டார்கள் இருந்தன. படகு என்ன எடை, எத்தனை பேர் ஏறுவார்கள் என்று அவர் கடிதத்தில் கேட்டிருந்தார். நைனா முகமது கண்ட மோட்டாரெல்லாம் கிணற்று மோட்டார்தான். ஆகவே வடமதுரை விவசாயி மலைச்சாமியிடம் யோசனை கேட்டார்.

“தண்ணி எம்புட்டு ஆழம் பாயி?”

“எழுபது அடிக் கயிறு விட்டேன். தரை தட்டல.”

“அப்ப அஞ்சு இல்லாம ஏறாது. ரெண்ட வாங்கிக் கட்டி அழாதீக.”

எடையைக் கேட்டவருக்கு ஆழத்தை எழுதிப் போட்டார். ஐந்தே வந்து சேர்ந்தது. அதை மாட்டியதும் தோல் தொய்ந்து, படகு மூக்கைத் தூக்கிக்கொண்டது. மாற்றித் தரச் சொல்லிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த மத்தியானத்தில் மாடியில் சிவப்புச் சேலை பறந்தது.

ஆரிபா மூக்குப் பக்கம் உட்கார்ந்தும் படகு சமநிலைக்கு வரவில்லை. மோட்டாரைப் பார்க்க வந்திருந்த மலைச்சாமி அதன் கயிற்றை இழுத்தார். மோட்டார் அலறியது, படகு ஒரு முழம்கூட நகரவில்லை.

“யா அல்லா, தப்பா வாங்கிட்டேனே!” நைனா முகமது வாய்விட்டு அழுதார்.

“நிப்பாட்டிறாதீக பாயி, தண்ணி எறைக்குதுல்ல!”

இறைத்தது உண்மைதான். உப்புத் தண்ணீர் தெருவில் விழுந்து சாக்கடை வழியே ஓடியது. தண்ணீர் குறையக் குறைய வீடு கிட்டே வந்தது. முதலில் ஒரு மைல், பிறகு ஒரு பர்லாங், பிறகு பத்து அடி. கால்மணி நேரத்தில் வாசற்படி படகின் மூக்கில் வந்து இடித்தது. ஆரிபா செருப்பு நனையாமல் உள்ளே போனாள்.

சாயங்கால அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது பிள்ளை அழுத சத்தம் கேட்டது. பெண் பிள்ளை, உம்மு சல்மா என்று பெயரிட்டார்கள். மலைச்சாமி சந்தோஷத்தில் மோட்டாரை நிறுத்த, வீடு பத்தடி பின்வாங்கியது. உடனே மறுபடி ஓட்டினார்கள்.

அன்றுமுதல் தினமும் காலையில் ஒரு மணி நேரம் மோட்டார் ஓடியது. மண்ணெண்ணெய் கிடைக்காத வருஷத்தில் தெருக்காரர்கள் ஆளுக்கொரு படி கொடுத்தார்கள். 1968இல், பள்ளிக்கூடம் போகுமுன் உம்மு சல்மாவே கயிற்றை இழுத்தாள். அவள் திரும்பி வரும்வரை நைனா முகமது ஒரு காலை வாசற்படியிலும் ஒரு காலைத் தெருவிலும் ஊன்றி நிற்பார். வழியில் போகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போகப் பழகியிருந்தார்கள்.