புகை நாளில் நிறுத்த மருந்து

வெர்னா ஹாஸ்கெட்டின் துப்பாக்கியில், தோட்டாவைப் போட்டுப் பூட்டும் போல்ட் இறுகிக்கொண்ட அன்று நான் அவளிடமிருந்து பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். ஊருக்கு வடக்கே சரளை அள்ளி அள்ளி உண்டான ஒரு பள்ளம் இருக்கிறது. எங்களுக்குச் சுட்டுப் பழகும் இடம் அதுதான். ஆகஸ்ட் பத்தாம் தேதி, காலை ஒன்பது மணி. முதல் மூன்று குண்டும் இருநூறு கஜத்துக்கு அப்பால் இருந்த அட்டையில் ஒரு காசை வைத்து மறைத்துவிடலாம் போல நெருக்கமாகப் பாய்ந்திருந்தன. நாலாவது வெடித்தபோது சத்தமே வேறாக இருந்தது. அவள் தோள் பின்னுக்குப் போன விதமும் வேறு.

வெர்னா துப்பாக்கியைத் திறக்கப் பார்த்தாள். போல்ட் அசையவில்லை.

"ராய்ஸ், உன் வண்டில மரச்சுத்தி இருக்கா?"

"இருக்கு. கைய எடு முதல்ல. கண்ணாடியக் கழட்டாத."

மெல்லத் தட்டித் தட்டித்தான் திறந்தோம். வெளியே விழுந்த பித்தளைக் கூட்டின் அடியில், மருந்துக்குப் பொறி வைக்கும் கேப்பு சப்பையாக நசுங்கிக் கிடந்தது. அட்டையில் அந்த ஒரு ஓட்டை மட்டும் மற்ற மூன்றுக்கும் நாலு அங்குலம் மேலே இருந்தது. உள்ளே அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவளுடையது மேக்னம், சாதாரணத் துப்பாக்கியைவிட ரொம்ப வெடிமருந்து தின்னும். அதன் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையிலிருந்து சுடுகிறவள் கன்னம் ஒரு சாண் தூரம்கூட இல்லை.

வேறு யாராயிருந்தாலும் பயந்திருப்பார்கள். வெர்னா அந்தக் கூட்டை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏன் இது மட்டும்?" என்றாள்.

அவள் எங்கள் ஊர்த் தண்ணீர் நிலையத்தில் சோதனை செய்கிறவள். குளோரின் எவ்வளவு, மண் எவ்வளவு என்று இருபத்திரண்டு வருஷமாகக் கண்ணாடிக் குழாயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்த கை. தோட்டாவையும் கடையில் வாங்க மாட்டாள். சுட்ட கூடுகளைக் கழுவி, அளவுக்கு நீட்டி வெட்டி, கேப்பு அழுத்தி, மருந்து நிறுத்து ஊற்றி, குண்டு பதித்து, எல்லாம் தானே செய்வாள். அந்த வருஷம் அதற்கு விசேஷக் காரணம் வேறு இருந்தது. பத்தொன்பது வருஷமாக மலைக்கடா, அதாவது காட்டுச் செம்மறிக் கடா, வேட்டைக்கு அனுமதி தரும் குலுக்கலில் பெயர் போட்டு, ஒரு வழியாக அவளுக்கு விழுந்திருந்தது. ஒரு மனுஷிக்கு ஆயுசில் ஒரு தடவை கிடைத்தாலே பெரிது. செப்டம்பர் ஒன்றாம் தேதி வேட்டைப் பருவம் தொடங்குகிறது.

அவள் புருஷன் டெல் பனிக்காலத்தில் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். கோடையில் அதே வண்டிகளுக்கு அடியில் படுத்துப் பழுது பார்ப்பான். நாங்கள் வீடு திரும்பியதும் நசுங்கிய கேப்பைப் பார்த்தவன், கூட்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"போதும் வெர்னா. கடைல ஒரு பெட்டி வாங்கிக்கலாம். எல்லாரும் அதத்தானே சுடுறாங்க?"

"வாங்கிக்கலாம். ஆனா ஏன்னு தெரியணுமே."

"தெரிஞ்சு என்ன பண்ணப் போற? எனக்கு உன் மூஞ்சி வேணும். கடாவா முக்கியம்?"

"நீயும் சொல்லு ராய்ஸ்" என்று என் பக்கம் திரும்பினான். நான் பக்கத்து வீட்டுக்காரன், சேணம் தைத்துப் பிழைத்தவன். ஐம்பது வருஷமாகக் கடைத் தோட்டாவையே சுட்டவன். டெல் சொல்வதுதான் சரி என்றேன்.

வெர்னா இரண்டு பேரையும் பார்த்தாள். "ரெண்டு வாரம் கொடுங்க. அதுக்குள்ள கண்டுபிடிக்கலைன்னா கடைப் பெட்டியோட மலையேறுறேன். அதுவரைக்கும் இந்தப் பெட்டியிலேர்ந்து ஒண்ணுகூடச் சுட மாட்டேன். சத்தியம்."

மறுநாள் அவள் வீட்டு காரேஜிலிருந்து டக், டக் என்று சத்தம் வந்தது. போய்ப் பார்த்தால், மீதியிருந்த பதினாறு தோட்டாக்களையும் பிரித்துக்கொண்டிருந்தாள். சுத்தியல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் கருவி. தோட்டாவை அதற்குள் மாட்டி மரக்கட்டையில் அடித்தால் குண்டும் மருந்தும் கழன்று விழும். ஒவ்வொன்றின் மருந்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் தராசில் வைத்து நிறுத்தாள். அது பழைய தராசு. ஒரு பக்கம் சின்னத் தட்டு தொங்கும், மறுபக்கம் கோடு போட்ட கம்பி.

பெட்டியில் பத்துப் பத்தாக இரண்டு வரிசை. முதல் வரிசையில் இருந்த எல்லாம் இம்மி பிசகாமல் இருந்தன. பள்ளத்தில் அவள் நாலாவதாக எடுத்தது இரண்டாவது வரிசையிலிருந்து. அந்த வரிசையில் ஒன்றுகூடச் சரியில்லை. ஒன்றில் இரண்டு கிரெய்ன் கூடுதல், ஒன்றில் நாலு, ஒன்றில் ஒன்றரை. நாலு கிரெய்ன் என்றால் ஏறக்குறைய பத்து அரிசி எடைதான். அந்தப் பத்து அரிசிதான் போல்ட்டை இறுக்கியது.

"தராசு கெட்டுப்போச்சு, வேறென்ன?" என்றேன்.

"கெட்டிருந்தா எல்லாத்தையும் ஒரே அளவுக்குத் தப்பாக் காட்டும். இது ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி. அதுவும் ரெண்டாவது வரிசைல மட்டும்."

"அப்போ உன் கை நடுங்கியிருக்கும்."

"உன் நாக்கு ஆடுற மாதிரி என் கை ஆடாது" என்றபடி நோட்டை எடுத்தாள். தண்ணீர் நிலையத்துப் பழக்கம். எதை எழுதினாலும் முதலில் அன்றைய வானிலை. முதல் வரிசைக்கு நேரே, 'தெளிவு, காற்றில்லை.' இரண்டாவது வரிசைக்கு நேரே, 'புகை. மலை தெரியவில்லை.'

அந்தக் கோடையில் மேற்கே பக்கத்து மாநிலமான ஐடஹோவில் காடு எரிந்துகொண்டிருந்தது. காற்று திரும்பும் நாட்களில் எங்கள் ஊர் பட்டப்பகலில் இருண்டுவிடும். வெர்னா பக்கங்களைப் பின்னால் புரட்டினாள். ஜூலையில் ஒரு நாள் ஐந்து தோட்டா கட்டியிருந்தாள். அவை ஐந்தும் அட்டையில் தாறுமாறாகப் போயிருந்தன. அன்றும் 'புகை' என்று இருந்தது.

"புகையா?" என்றேன். எனக்கும் மண்டைக்குள் ஏதோ ஊற ஆரம்பித்தது. "மருந்து புகைய உறிஞ்சி கனமாகுதோ என்னவோ."

"ஆகலாம். பாத்துடுவோம்."

கனத்த மருந்தானால் குறைவாகத்தானே போட்டிருப்பாள் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. அவளுக்கு அப்போதே உறைத்திருக்கும். என் மனசு நோகாமல் சோதனை செய்தாள். அடுத்த புகை நாளில் ஒரு சாஸரில் மருந்தை நிறுத்து, காலை முழுவதும் வராந்தாவில் திறந்து வைத்தாள். மதியம் எடுத்து நிறுத்தாள். எடை அப்படியே இருந்தது. நான் தலையைச் சொறிந்தேன். அந்த மருந்தை அவள் பூச்செடிக்கு உரமாகக் கொட்டிவிட்டாள்.

டெல் இதில் எதிலும் சேரவில்லை. காரேஜ் வாசலில் நின்று, கெடுவுக்கு இன்னும் எத்தனை நாள் என்று மட்டும் எண்ணிச் சொல்லிவிட்டுப் போவான். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அந்த மேஜை முன்னால் அவன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

இருபதாம் தேதி மறுபடி புகை கவிந்தது. இரவல் வாங்கியிருந்த ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வெர்னா மேஜை முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தாள்.

"நல்ல நேரத்துல வந்த. அன்னைக்கு என்னென்ன பண்ணினேனோ அதையெல்லாம் அப்படியே திரும்பப் பண்ணப் போறேன். நீ சும்மா பாத்துட்டே இரு. ஏதாவது வித்தியாசமாப் பட்டா சொல்லு."

தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள். மருந்தைத் தட்டில் போட்டாள். கம்பி கோட்டுக்கு நேராக நின்றது. ஆனால் கோடு சரியாகத் தெரியவில்லை. ஜன்னல் மங்கியிருந்தது, கூரை பல்பு முதுகுக்குப் பின்னால், அவள் நிழலே தராசின்மேல் விழுந்தது. கை தன்னால் போய் அலமாரியில் மாட்டியிருந்த கைவிளக்கை எடுத்தது. பாம்பு மாதிரி வளையும் கழுத்து, நுனியில் சின்ன விளக்கு. டெல் அவளுடைய பிறந்த நாளுக்குக் கொடுத்தது. அவனும் இஞ்சின் அடியில் வேலை செய்ய அதே மாதிரி ஒன்று வைத்திருக்கிறான். அதன் கழுத்தை வளைத்துத் தட்டுக்கு மேலே கொண்டுவந்தாள்.

தட்டு மெல்ல மேலே ஏறியது.

"தொட்டியா?" என்றேன்.

"தொடலை."

விளக்கை விலக்கினாள். தட்டு இறங்கியது. கொண்டுவந்தாள். ஏறியது. யாரோ மூச்சு விடுவது போல இருந்தது.

"கதவைச் சாத்து ராய்ஸ். காத்தா இருக்கும்."

சாத்தினேன். அப்போதும் ஏறியது. வெர்னா விளக்கின் நுனியை மேஜையில் கிடந்த ஒரு திருகாணியிடம் கொண்டுபோனாள். திருகாணி துள்ளி வந்து ஒட்டிக்கொண்டது. வண்டிக்கு அடியில் விழுந்த நட்டு போல்ட்டைப் பொறுக்க வசதியாக, அந்த விளக்கின் வாயில் வட்டமாகக் காந்தம் வைத்திருக்கிறார்கள். தராசுத் தட்டின் அடியிலோ, எடையைச் சரிக்கட்ட நாலைந்து இரும்பு மணிகள். புகை இருட்டில் விளக்கை எடுத்த நாளெல்லாம் காந்தம் தட்டைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. குறைகிறதே என்று இவள் மேலே மேலே மருந்து போட்டிருக்கிறாள். விளக்கு கிட்டே இருந்தபோது நாலு கிரெய்ன், தள்ளி இருந்தபோது ஒன்றரை.

வெர்னா கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் சட்டென்று நிறுத்தினாள்.

"டெல் வாங்கித் தந்தது" என்றாள்.

"சொல்லாதயேன். விளக்கு பழுதாயிடுச்சு, தூக்கிப் போட்டுட்டேன்னு சொல்லு. எதுக்கு அந்த மனுஷன நோகடிக்கணும்?"

"தண்ணில என்ன இருக்குன்னு தெரிஞ்சதுக்கப்புறம் எழுதாம விட முடியுமா ராய்ஸ்?"

டெல் நாலு மணிக்கு வந்தான். அவள் விளக்கைத் தட்டுக்கு மேலே கொண்டுபோய்க் காட்டினாள். தட்டு ஏறுவதை அவன் பார்த்தான். இரண்டாம் முறை காட்டச் சொன்னான். பிறகு வெளியே போய்த் தன் பிக்கப் வண்டியின் பின்கதவை இறக்கி, அதில் உட்கார்ந்துவிட்டான். நான் பின்னாலேயே போனேன்.

"நான்தான்யா அவ மூஞ்சில சுட்டிருப்பேன்" என்றான். "ரிப்பன் கட்டிக் குடுத்தேன் அத."

"உனக்கு எப்படித் தெரியும் டெல்? அவளுக்கே தெரியல."

"நான் தினம் அந்த விளக்க வச்சு நட்டு பொறுக்குறவன். எனக்குத் தெரிஞ்சிருக்கணும். ஒரு நாளாவது அந்த மேஜைகிட்டப் போய் உட்கார்ந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

நானும் அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். பிறகு அவன் எழுந்து, கருவிப் பெட்டியிலிருந்து அளவு நாடாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

"எத்தனை இஞ்சுலேர்ந்து இழுக்குது?" என்று கேட்டான்.

வெர்னா நிமிர்ந்து பார்த்தாள். "அளக்கல இன்னும்."

"பின்ன? அளக்க வேண்டாமா?"

அவன் நாடாவைப் பிடித்தான், அவள் விளக்கைப் பிடித்தாள், நான் நோட்டில் எழுதினேன். ஐந்து அங்குலத்துக்கு அப்பால் ஒன்றும் இல்லை. இரண்டு அங்குலத்தில் தட்டு துள்ளியது. அப்புறம் டெல்லுக்கு ஆசை பிடித்துக்கொண்டது. சாவிக்கொத்து இழுக்குமா, ரேடியோ இழுக்குமா, என் பெல்ட் பக்கிள் இழுக்குமா என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தான். ரேடியோ மட்டும் கொஞ்சம் இழுத்தது. அடுப்பில் வைத்த எல்க் மான் கறி தீய்ந்து போனதை யாரும் கவனிக்கவில்லை. சோளரொட்டியைத் தின்று பசியாறினோம். வரவேற்பறையில் இருந்த படிக்கும் விளக்கை டெல்லே தூக்கிவந்து மேஜையின் கோடியில் வைத்தான்.

அந்த வாரம் புதிதாக இருபது தோட்டா கட்டினார்கள். வெர்னா நிறுப்பாள், டெல் இரண்டாம் முறை நிறுப்பான். பத்தைச் சரளைப் பள்ளத்தில் சுட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் போல்ட் வெண்ணெயில் கத்தி போலத் திறந்தது.

செப்டம்பர் நாலாம் தேதி என்னுடைய இரண்டு கோவேறு கழுதைகளோடு மூவரும் மலையேறினோம். மூன்றாம் நாள் காலை, மரங்கள் முடியும் இடத்துக்கு மேலே பாறைச் சரிவில் ஐந்து கடாக்கள் படுத்திருந்தன. அவற்றில் ஒன்று கிழடு. கொம்பு கன்னத்தைச் சுற்றி வந்து கண்ணுக்கு மேலே ஏறியிருந்தது. வெர்னா ஒரு மணி நேரம் வயிற்றால் ஊர்ந்தாள். டெல் அவள் பின்னால், நான் டெல்லின் பின்னால். இருநூற்றைம்பது கஜம். அவள் உடனே சுடவில்லை. கடா எழுந்து பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருந்தாள். டெல் கண்களை இறுக மூடிக்கொண்டதை நான் பார்த்தேன்.

ஒரே வெடி. கடா நாலு அடி நடந்து, முன்னங்கால் மடங்கிச் சாய்ந்தது.

டெல் கண்ணைத் திறந்து முதலில் பார்த்தது கடாவை அல்ல. வெர்னாவின் முகத்தைப் பிடித்துத் திருப்பி இந்தக் கன்னத்தையும் அந்தக் கன்னத்தையும் பார்த்தான். "இருக்கேன்டா, இருக்கேன்" என்று அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

கிட்டே போனபோது அவள் தொப்பியைக் கழற்றிக் கடாவின் கழுத்தில் கை வைத்தாள். பிறகு விரலால் கொம்பின் வளையங்களை எண்ண ஆரம்பித்தாள். வருஷத்துக்கு ஒன்று.

"ஒன்பது. இது பாரு, அஞ்சாவது எவ்வளவு ஒல்லியா இருக்கு."

"அந்த வருஷம் மே மாசம் வரைக்கும் பனி கிடந்துது" என்றேன். "தீனி இருந்திருக்காது."

"சரி. அப்போ ஏழாவது? அந்த வருஷம் மழையும் புல்லும் நல்லாத்தானே இருந்துது? அதுவும் ஒல்லியா இருக்கே."

எனக்குத் தெரியவில்லை. டெல் குனிந்து தானும் ஒரு முறை எண்ணினான். சண்டையில் அடிபட்டிருக்குமோ, வியாதியோ என்றான். கீழே வேட்டை அலுவலகத்தில் கொம்பைப் பதிந்து முத்திரை போடும் பெண்ணிடம் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வெர்னா கத்தியை எடுத்தாள். இறைச்சியைப் பிரித்துக் கழுதைகள்மேல் ஏற்றி முடித்தபோது மேற்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது. ஓடையைக் கடக்கும்போது மழை பிடித்துக்கொண்டது, அந்தக் கோடையின் முதல் பெருமழை. நனைந்தபடியே, ஏழாவது வளையத்தைப் பற்றித் தர்க்கம் செய்துகொண்டே இறங்கினோம்.