மணலில் கிடந்த கயிற்றுப் படகு

1

இந்தக் கதை ஒரு கயிற்றிலிருந்து வந்தது. தேங்காய்த்திட்டுக்கு மீன் வாங்கப் போயிருந்தேன். துறைமுகத்துக்குச் சற்றுத் தள்ளி, மணலில் பழைய வலைக்கயிறு ஒன்று படகு வடிவத்தில் கிடந்தது. முனை கூர்மையாக, பின்பக்கம் அகலமாக, யாரோ நிதானமாகப் போட்டிருந்தார்கள். உள்ளே பலபேர் உட்கார்ந்து எழுந்த தடங்கள். ஏன் என்று யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் கிடைத்துவிடும், கதை போய்விடும் என்று பயந்து, வந்த வேலையையும் மறந்து வெறுங்கையோடு திரும்பினேன். வீட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆகவே இனி வருவதெல்லாம் கற்பனை. வருஷம் மட்டும் நிஜம். பாண்டிச்சேரி என்ற பெயர் புதுச்சேரி என்று மாறி, பெயர்ப்பலகைகளில் பெயிண்ட் காயாத வருஷம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கழிமுகத்தின் மேல் பனி இறங்கிய ஒரு காலையில் தையல்நாயகி மெய்மறந்து..."

(அடித்துவிட்டேன். தையல்நாயகிக்கு மெய்மறக்க எங்கே நேரம்? மீன் ஏலம் முடிந்ததும் ஓட்டமும் நடையுமாகக் கிளம்புகிறவள்.)

இரண்டாவது தொடக்கம்: தையல்நாயகி அன்னக்கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஆற்றின் எதிர்க்கரையைப் பார்த்தாள். கூப்பிடு தூரம்தான். அங்கே பழைய சரக்குக் கிடங்குகளை ஓவியர்களும் நாடகக்காரர்களும் எடுத்துக்கொண்டு, சுவருக்கெல்லாம் நிறம் பூசி, கலைக்கரை என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளுடைய வாடிக்கை வீடுகள் எல்லாம் அந்தப் பக்கம். ஆனால் பாலம் சுற்றித்தான் போகவேண்டும். மீன்கூடையைப் பார்த்தால் டெம்போக்காரன் நிறுத்தமாட்டான். நடந்து போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறி, சங்கரா மீனின் கண் உள்ளே போய்விடும். கண் உள்ளே போன மீனை அவள் சொன்ன விலைக்கு யாரும் வாங்கியதில்லை.

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

படகு விடச் சொல்லிப் போராடும் சங்கத்துக்குத் தலைவர் தேவதாஸ். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர். ஊரே அவரை, பிரெஞ்சில் ஐயா என்பதுபோல, முசே என்றுதான் கூப்பிடும். யோசனை சொன்னவள் கலைக்கரையில் நாடகம் போடும் அமேலி. ஊர்வலம் போனால் அதிகாரிகள் சன்னலைச் சாத்திக்கொள்கிறார்கள். படகு ஓடினால் எப்படி இருக்கும் என்று ஓட்டியே காட்டிவிடுவோம். மணலில் கயிற்றைப் போட்டு, உள்ளே உட்கார்ந்து, தினமும் காலையில் அக்கரைக்குப் போவோம் என்றாள்.

போனார்கள். முசே மணி அடிப்பார். எல்லோரும் இரண்டு வரிசையாக உட்கார்ந்து மெல்ல ஆடுவார்கள். முதல் நாள் ஒரே சிரிப்பு. போகப்போகச் சிரிப்பு நின்றுபோயிற்று. நடு ஆற்றில் காற்று குளிர்ந்தது. ஓர் ஓவியர் குனிந்து மணலை விரலால் அளைந்துவிட்டு, ஈரத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். அக்கரை வந்ததும் ஒருவர் கையை ஒருவர் பிடித்து, வேட்டி நனையாமல் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

(நீங்களும் ஏறிக்கொள்ளுங்கள். அமேலிக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. கதையை வெளியே நின்று வேடிக்கை பார்ப்பவர்களை எனக்குப் பிடிக்காது.)

4

அமேலி விஷயத்தில் எனக்கு ஒரு சங்கடம். அவளைக் கெட்டவளாக எழுதினால் வேலை சுலபம். ஆனால் அவள் நல்லவள். வெள்ளிக்கிழமைதோறும் தையல்நாயகியிடம்தான் மீன் வாங்குவாள், பேரம் பேசமாட்டாள். சங்கத்துக்கு அழைத்ததும் அவள்தான். "படகு வந்தா மொதல்ல நீங்கதான் ஏறணும் அக்கா" என்று சொன்னாள். தையல்நாயகி அதை நம்பினாள். நானும் நம்பித்தான் எழுதிக்கொண்டு வந்தேன்.

அதிகாரி நேரில் பார்க்க வருகிற நாள் வந்தது. அவர் ஷூ போட்ட காலோடு கயிற்றுக்கு வெளியே நின்றார். பக்கத்தில் கேமராவோடு ஒரு பத்திரிகைக்காரர். தையல்நாயகி ஏலம் முடிந்த கையோடு கூடையுடன் வந்து, கயிற்றைத் தாண்டக் காலைத் தூக்கினாள்.

"கூடைய வெளிய வச்சிட்டு வாம்மா" என்றார் முசே.

"எதுக்கு முசே?"

"எடம் பத்தாது. எல்லாரும் நல்ல துணி உடுத்தியிருக்காங்க பாரு."

"கூடைய டெம்போல ஏத்தலன்னுதான முசே நா இங்க வந்தேன்."

"இன்னிக்கு ஒருநாளு மட்டும் அக்கா" என்றாள் அமேலி. "போட்டோ எடுக்குறாங்க. நெசப் படகு வரட்டும், பாத்துக்கலாம்."

(இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன். கயிற்றை இரண்டு முழம் தள்ளிப் போட்டால் போதும், மணலுக்கா பஞ்சம்? இல்லாத படகில்கூட அவள் கூடைக்கு இடமில்லை. எழுதியது என் கைதான். வெகுநேரம் வருத்தமாக இருந்தது. ஆனாலும் அடிக்கவில்லை.)

5

கூடையை மணலில் இறக்கிவைத்தாள். உள்ளே வந்து உட்கார்ந்தாள். மணி அடித்தது. படகு கிளம்பியது. மற்றவர்களோடு அவளும் ஆடினாள். நடு ஆற்றில் திரும்பிப் பார்த்தபோது கரையில் கூடை சின்னதாகத் தெரிந்தது. அதன் விளிம்பில் ஒரு காக்கை.

தையல்நாயகி எழுந்தாள். கயிற்றைத் தாண்டி ஆற்றில் இறங்கினாள்.

"ஐயோ அக்கா, ஆழம்" என்று அமேலி எட்டி அவள் கையைப் பிடித்துவிட்டாள். படகு அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. எல்லோரும் மறுபக்கம் ஒதுங்கினார்கள், நீங்களும்தான். அதிகாரிகூட ஓரடி பின்னால் போனார்.

"வுடும்மா" என்றாள் தையல்நாயகி. "எனக்கு நீச்சல் தெரியும்."

போய்க் காக்கையை விரட்டினாள். கூடையைத் தலையில் ஏற்றினாள். தண்ணீரைக் காலால் தள்ளித் தள்ளி நடப்பவள்போல மெதுவாகத் திரும்பி வந்தாள்.

6

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அதிகாரி அங்கேயே அனுமதி கொடுத்துவிடுகிறார். (அதிகாரிகளை எனக்குத் தெரியும். அடித்துவிட்டேன்.) இன்னொன்றில் படகு நிஜமாகவே வருகிறது. வெள்ளை நிறம், புது இருக்கைகள், ஏறும் இடத்தில் ஒரு பலகை, அதில் பெரிய எழுத்தில் "மீன்கூடை...

இந்த வாக்கியத்தை முடிக்க மனசு வரவில்லை.

மூன்றாவதில் தையல்நாயகி பாலம் சுற்றி நடந்து போகிறாள். அதைத்தான் இத்தனை நாளாகச் செய்துகொண்டிருந்தாள், அதற்கு எதற்கு ஒரு கதை?

முசே மணியைப் பிடித்தபடி நிற்கிறார். அமேலி நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை. அவர்களை நான் நினைத்தால் நகர்த்திவிடுவேன். உங்களை நகர்த்த எனக்கு வழி தெரியவில்லை.

வெயில் ஏறுகிறது. தையல்நாயகி கயிற்றுக்கு வெளியே, உங்களுக்கு நேராக வந்து நிற்கிறாள். கூடையிலிருந்து ஐஸ் தண்ணீர் அவள் தோளில் சொட்டுகிறது. சங்கராவின் கண் இன்னும் தெளிவாகத்தான் இருக்கிறது.

"கொஞ்சம் நவுந்து ஒக்காருறீங்களா?" என்று உங்களிடம்தான் கேட்கிறாள்.