மிதி சொன்ன பொய்

என் மைத்துனனுக்கு வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. தகடு வெட்டும் இயந்திரம் எடுத்துக்கொண்டது. ஆலைக்காரன் ஒரு பூங்கொத்தும், கூடவே ‘கவனமாக இருந்திருக்கலாம்’ என்று ஒரு கடிதமும் அனுப்பினான். அன்றிலிருந்து காகிதத்தில் பேசுகிறவன் எவனையும் நான் நம்புவதில்லை.

மைத்துனனுக்கு ஒரே பைத்தியம், டிவியில் வீடியோ கேம் மாட்டிப் பந்து விளையாடுவது. அந்த விளையாட்டுப் பெட்டியின் கைப்பிடிக்கோ இரண்டு கை வேண்டும். நான் நாற்பது வருடமாகத் தையல் மிஷின் ரிப்பேர் செய்கிறவன். மிஷினைக் காலால் ஓட்டும் பழைய மிதி ஒன்றை எடுத்தேன், உள்ளே நாலு பொத்தான் வைத்தேன், ஒயர் இழுத்தேன். கை செய்கிற வேலையைக் கால் செய்யட்டும்.

பெட்டியில் சொருகினால் பிணம் மாதிரிக் கிடந்தது.

“அப்பா, சொருகினதும் பெட்டி ‘நீ யாரு’ன்னு கேக்குது,” என்றாள் என் மகள். கம்ப்யூட்டர் படித்தவள். “பெட்டி செஞ்ச கம்பெனி பேரைச் சொன்னாத்தான் உள்ள விடும்.”

“சொல்லலேன்னா?”

“வாசல்லயே நிக்க வேண்டியதுதான்.”

“அப்ப சொல்லித் தொலைக்கச் சொல்லு.”

ஒரு சின்ன கம்ப்யூட்டர் சில்லில் கம்பெனி பேரை எழுதி மிதிக்குள் வைத்தாள். மிதி பேரைச் சொன்னது. ‘எங்கள் அங்கீகாரம் பெற்ற பொருள்’ என்று பெட்டி திரையில் எழுதிக் காட்டிவிட்டு வழி விட்டது. மைத்துனன் போட்ட முதல் கோலின் கூச்சலுக்கு என் மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள்.

அவனுக்கு ஒரே குறை. “மாமா, சரியா கோல் அடிக்கிற நேரம் பாத்து மிதி வழுக்கி சோபாவுக்கு அடியில போயிடுது.”

“தரையைக் குத்தம் சொல்லாதடா. காலை ஒழுங்கா வை.”

கேள்விப்பட்டு, கை இல்லாதவர்களும் விரல் மடங்காதவர்களும் வந்தார்கள். முப்பது மிதி செய்துகொடுத்தோம். வேறு மாதிரி ஆட்களும் வந்தார்கள்.

“பெரியவரே, இதை மாட்டினா காப்பி கேம் ஓடுமா?”

“ஓடாது. நீ ஓடு.”

எங்கள் தெருவிலேயே ஒருவன் திருட்டு கேம் மட்டுமே விற்கிறான். மாதத்துக்கு ஒரு பெயர்ப்பலகை மாற்றுவான். அவனுக்கு இதுவரை ஒரு துண்டுக் காகிதம் வந்ததில்லை. எனக்கு வந்தது, பெட்டிக் கம்பெனியின் நோட்டீஸ், பதினெட்டுப் பக்கம். என் பலகையில் விலாசம் சரியாக இருந்ததுதான் நான் செய்த தப்பு.

மகள் படித்துச் சொன்னாள். நான் பூட்டை உடைத்தேனாம், பேரைத் திருடினேனாம். செய்த மிதி அத்தனையும் ஒப்படைக்க வேண்டும், நொறுக்கிப் போடுவார்கள். மைத்துனன் வீட்டில் இருப்பதும் சேர்த்தி.

“ஒரு கை ஏற்கெனவே போச்சு,” என்றான் அவன். “இப்ப காலையும் கேக்கறானுங்களா மாமா?”

எனக்கு ஒரு வக்கீல் வாய்த்தார். ‘நீங்க வாயே திறக்காதீங்க’ என்பதைத் தவிர அவருக்கு வேறு சட்டம் தெரிந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

கோர்ட்டில் கம்பெனி தரப்பில் நாலு வக்கீல்கள். வெடிகுண்டைத் தூக்குகிறவர் மாதிரி ஒருவர் என் மிதியைத் தூக்கிக்கொண்டு வந்து பெட்டியில் சொருகினார். திரையில் எழுத்து வந்தது.

“பாருங்கம்மா, அங்கீகாரம் பெற்ற பொருள்னு இந்த மிதி பச்சைப் பொய் சொல்லுது!”

நீதிபதி அம்மா என்னைப் பார்த்தார். “பெரியவரே, என்ன சொல்றீங்க?”

என் வக்கீல் சட்டையைப் பிடித்து இழுத்தார். கையைத் தட்டிவிட்டேன்.

“அம்மா, மிதிக்கு வாயும் கிடையாது, எழுதவும் தெரியாது. திரையில எழுதினது அவங்க பெட்டி. பேரைச் சொல்லலேன்னா உள்ள விடமாட்டேங்குது. சொன்னா, எங்க பேரை எப்படிச் சொல்லலாம்னு கேஸ் போடறாங்க. வாசல்ல நின்னுக்கிட்டு நான் என்னதான் சொல்றது?”

“உங்க சொந்தப் பேரைச் சொல்லிப் பார்த்தீங்களா?”

“பார்த்தோம்மா. பெட்டிக்கு என்னைத் தெரியலை.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தப் பேரைச் சொல்லாமல் பெட்டியைத் திறக்க வேறு வழி உண்டா என்று நீதிபதி கேட்டார். நாலு வக்கீலும் தலையைச் சேர்த்துக் குசுகுசுத்தார்கள். இல்லை என்றார்கள்.

“உங்க பேரையே சாவியாக்கினது நீங்கதானே? அப்புறம் சாவியைத் தொட்டான்னு அழுதா எப்படி?”

தீர்ப்பு வந்தது. மிதியை வைத்துக்கொள்ளலாம். கம்பெனி செய்தது அல்ல என்று ஒரு சீட்டு மட்டும் ஒட்ட வேண்டும். வக்கீல் தானே பேசி ஜெயித்த மாதிரி எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வாரம் போன் மேல் போன். மிதி எதுவும் வேலை செய்யவில்லை.

“இன்டர்நெட் வழியா எல்லாப் பெட்டிக்கும் புதுசா ஏதோ அனுப்பிட்டாங்கப்பா,” என்றாள் மகள். “இப்ப பேரைச் சொன்னதும் இன்னொரு கேள்வி கேக்குது. அதுக்குப் பதில் அவங்ககிட்டதான் இருக்கு.”

“அப்ப தீர்ப்பு?”

“மிதியை வெச்சுக்கலாம்னுதான் தீர்ப்பு. அது வேலை செய்யணும்னு அதுல இல்லை.”

அந்தப் பதிலை அவள் இப்போது தேடிக்கொண்டிருக்கிறாள். கிடைத்தால் இன்னொரு பதினெட்டுப் பக்கம் வரும்.

நான் தீர்ப்பு நகலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மைத்துனன் வீட்டுக்கு ஓடினேன். என்ன சொல்லித் தேற்றுவது என்று வழியெல்லாம் யோசித்தேன். உள்ளே நுழைந்தால் கோல் என்று கத்துகிறான்.

“உனக்கு மட்டும் எப்படிடா ஓடுது?”

“நோட்டீஸ் வந்த அன்னிக்கே இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிட்டேன் மாமா. தபால்ல அனுப்பறவன் ஒயர்ல அனுப்ப மாட்டானா?”

என்னோடு பழகிய பழக்கம் வீண்போகவில்லை.

அடுத்த கோலுக்குக் காலை ஓங்கினான். மிதி வழுக்கி சோபாவுக்கு அடியில் போனது. குனிந்து எடுத்தேன். தீர்ப்பு நகலை இரண்டாக மடித்துத் தரையில் போட்டு, மிதியை அதன்மேல் வைத்தேன்.

“இப்ப அடி.”

அடித்தான். அசையவில்லை. நாற்பத்திரண்டு பக்கம், நல்ல கனமான தாள்.