இருபத்து நாலு அங்குலம்

எல்லா டிவியையும் அணைக்கச் சொன்னேன். கழுத்தில் டை கட்டியிருந்த விற்பனைக்காரன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஐயா, எல்லாரும் போட்டுத்தான் பாப்பாங்க."

"போட்டா நீ காட்டுறதைத்தான் நான் பாக்கணும். அணைப்பா."

நாற்பத்தொரு வருடம் கண்ணாடி அறுத்தவன் நான். ஜன்னலுக்கு, அலமாரிக்கு, கடை முகப்புக்கு. கண்ணாடியின் குறை தெரிய வேண்டுமென்றால் அதற்குப் பின்னால் வெளிச்சம் இருக்கக் கூடாது. கடைகளில் ஓட்டுகிற படத்தை நான் நம்புவதில்லை. ஒரு கிளி வரும், ஒரு மீன் வரும், மேலிருந்து தேன் ஊற்றுவார்கள். கிளி எந்தத் திரையிலும் பச்சையாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து ஏமாந்து காசைக் கொடுத்துவிட்டு வருகிறவனுக்கு நான் அழப்போவதில்லை.

மூன்றை மட்டும் அணைத்தான். முதலாவதில் தலை வாரிக்கொள்ளலாம், அப்படியொரு பளபளப்பு. இரண்டாவது சாம்பல் தேய்த்த மாதிரி மங்கல். மூன்றாவது கறுப்பு, கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற கறுப்பு. விரல் முட்டியால் ஒவ்வொன்றின் ஓரத்திலும் தட்டினேன்.

"என்னங்க ஐயா, பானை வாங்குற மாதிரி தட்டிப் பாக்குறீங்க."

"கண்ணாடியே இல்லையேப்பா இது. பிளாஸ்டிக் தாளு."

"இது சாதா எல்.இ.டி. அது க்யூ.எல்.இ.டி, கலர் தூக்கும். இது ஓ.எல்.இ.டி, கறுப்புன்னா கறுப்பு."

"ஒரு எழுத்துக்கு ஒரு விலையா? நல்லா இருக்கே உங்க பள்ளிக்கூடம்."

அவன் சிரித்தான். பின்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்த என் மனைவி சிரிக்கவில்லை. மடியில் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பைக்குள் ஒரு கைக்குட்டை, கைக்குட்டைக்குள் முடிச்சுப் போட்டு ஒரு பென்டிரைவ். நாங்கள் டிவி வாங்க வந்ததே அதற்காகத்தான்.

எங்களுக்கு ஒரே பையன். நாலு மாதத்துக்கு முன்னால் வேலை முடிந்து வண்டியில் வரும்போது போய்விட்டான். முப்பத்திரண்டு வயது. காரியமெல்லாம் முடிந்த பிறகு அவனோடு வேலை பார்த்த பையன் ஒருவன் வந்து அந்தப் பென்டிரைவைக் கொடுத்தான். அதில் முப்பத்தெட்டு வினாடிப் படம் ஒன்று இருக்கிறது. சாப்பாட்டு இடைவேளையில் யாரோ பழைய போனில் எடுத்தது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருமுறை அதைத் தன் போனில் போட்டுக் காட்டினாள். அந்தச் சின்னத் திரையில் அவன் தலை ஒரு புளியங்கொட்டை அளவு. என் மனைவிக்கு இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆகியும் பார்வை சரியாக வரவில்லை. குரலை மட்டும் கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். வீட்டில் இருக்கிற பழைய டப்பா டிவியில் பென்டிரைவைச் சொருக இடமே கிடையாது.

"போட்டோ இருக்கே" என்றேன் அன்றைக்கு.

"போட்டோல வாய் அசையாதுங்க" என்றாள். அப்புறம் சொன்னாள், "அவன் மூஞ்சி என் மூஞ்சி அளவுக்குத் தெரியணும். ஒரு தடவை."

முப்பத்தாறு வருடத்தில் அவள் என்னிடம் வாய் திறந்து கேட்ட பொருள் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. இதைக் கேட்டாள்.

"எல்லாத்தையும் போடு" என்று விற்பனைக்காரனிடம் சொல்லிவிட்டு, அவளிடமிருந்து கைக்குட்டையை வாங்கி முடிச்சை அவிழ்த்துப் பென்டிரைவை நீட்டினேன். "உன் கிளியை நிறுத்திட்டு இதைப் போட்டுக் காட்டு."

முதலில் க்யூ.எல்.இ.டி. ஒரு ஆள் படுக்கிற அகலம். பையன் வந்தான். நீலச் சட்டை, கையில் சாப்பாட்டு டப்பாவின் மூடி. முகம் முழுக்கக் கட்டம் கட்டமாக இருந்தது. அவன் பேச ஆரம்பித்தான்.

"எங்கப்பா இருக்காரே, வீடே இடிஞ்சு எங்க தலையில விழுந்தாலும் ஓடி வந்து முதல்ல என்ன கேப்பாரு தெரியுமா?" மூடியை மார்போடு அணைத்துப் பிடித்தான். கழுத்தை முன்னால் நீட்டினான். என்னைப் போலவே கீழுதட்டைத் தள்ளிக்கொண்டு, என் குரலில் கத்தினான். "ஏய்! கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகலையே?"

படத்துக்குள் பத்துப் பேர் சிரித்தார்கள். விற்பனைக்காரனும் சிரித்தான். பையன் தாடையைத் தடவிக்கொண்டே சிரித்தான். முடிந்தது.

"செமையா பேசுறாரே! உங்க பையனா ஐயா? எங்க இருக்காரு?"

"நீ கையில வச்சிருக்கியே, அதுலதான் இருக்கான்" என்றேன்.

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்த பிறகு டையைத் தளர்த்திக்கொண்டான். குரல் இறங்கிவிட்டது. "வீடியோ சின்னதுங்க ஐயா. பெரிய திரையில போட்டா இப்படித்தான் உடையும். இன்னொண்ணு இருக்கு. உள்ள சிப் இருக்கு. மங்கலா இருக்குறதை அதுவே தெளிவாக்கிடும்."

அந்தக் கறுப்பு டிவியில் போட்டான். கட்டங்கள் போய்விட்டன. பையன் முகம் பால் வடிகிற மாதிரி வழவழவென்று வந்தது. புருவத்தில் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. என் மனைவி எழுந்து திரைக்கு அருகே போனாள். சரி, இதுதான், கடன் வாங்கியாவது இதையே எடுத்துவிடலாம் என்று நினைத்தபோதுதான் நானும் கவனித்தேன். தாடையில் தழும்பு இல்லை.

அவனுக்குப் பத்து வயதில் வந்த தழும்பு அது. லீவு நாளில் பட்டறைக்கு வந்திருந்தான். நாலடிக் கண்ணாடி ஒன்றை நான் ஒரு முனை, அவன் முக்காலி மேல் நின்று மறுமுனை பிடித்து ஏற்றிக்கொண்டிருந்தோம். முக்காலி சாய்ந்தது. நான் பாய்ந்து கண்ணாடியைப் பிடித்தேன். பிள்ளையைப் பிடிக்கவில்லை. யோசித்துச் செய்ததில்லை, கை அப்படிப் பழகிவிட்டது. அவன் தாடை மேசையின் இரும்பு முனையில் அடித்தது. ஐந்து தையல். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. வீட்டில் அவளிடம், "நான் டீ குடிக்கப் போயிருந்தேன், அவனாவே ஏறி விழுந்துட்டான்" என்று சொன்னேன். பையன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஆமாம்மா, நானேதான் விழுந்தேன்" என்றான். அதற்கப்புறம் இருபத்திரண்டு வருடம் அவனோடு பேசும்போதெல்லாம் நான் அவன் நெற்றியைப் பார்த்துத்தான் பேசினேன்.

இப்போது திரையில் அந்த இடம் சுத்தமாக இருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது, அதை மறைக்கப்போவதில்லை. செத்த பிள்ளையின் முகத்தைப் பார்த்து நிம்மதிப்பட்ட அப்பன் நான்.

"இதையே எடுத்துக்கலாம்" என்றேன்.

என் மனைவி விரலைத் திரையில், தாடை இருந்த இடத்தில் வைத்தாள். "இங்க ஒண்ணு இருக்குமே."

"தழும்பு, பரு எல்லாத்தையும் அதுவே சரி பண்ணிடும்மா" என்றான் விற்பனைக்காரன்.

"அதைச் சரி பண்ண வேண்டாம்பா." அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "அது அவங்கப்பா கொடுத்தது."

கடையில் எத்தனை டிவி ஓடிக்கொண்டிருந்ததோ தெரியாது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எப்போது தெரிந்துகொண்டாள்? அவன் சொன்னானா? தையல் போட்ட அன்றைக்கேவா? இத்தனை வருடம் எனக்குச் சோறு போட்டவள், என் விரலில் கண்ணாடித் தூள் ஏறினால் ஊசியால் எடுத்துவிட்டவள், ஒரு சண்டையில்கூட அதை எடுத்து என் மேல் வீசவில்லை.

"எதுல அது தெரியும்?" என்று அவள்தான் கேட்டாள்.

விற்பனைக்காரன் எங்களைக் கடையின் கடைசி மூலைக்கு அழைத்துப்போனான். முன்னால் யாரும் நிற்காத இடம். இருபத்து நாலு அங்குலம், சாதா எல்.இ.டி, மங்கல் திரை. "பெரிய டிவியை விக்கத்தான் எனக்குச் சொல்லியிருக்காங்க" என்றான் மெதுவாக. "உங்க வீடியோவுக்கு இதும்மா." போட்டான். முகம் சின்னதாக இருந்தது, ஆனால் முகமாக இருந்தது. அவள் மூக்கு முட்டுகிற தூரம் வரை போனாள். தாடையில் சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு.

"இருக்கு" என்றாள்.

டிவி வந்து ஒன்பது நாள் ஆகிறது. ஜன்னல் வெளிச்சம் விழாத சுவரில் நானே மாட்டினேன். அவள் கண்ணுக்கு நேராக வரும்படி வழக்கத்தைவிடத் தாழ்வாக மாட்டியிருக்கிறேன். முன்னால் ஒரு ஸ்டூல், திரையிலிருந்து ஒரு சாண். காலையில் அடுப்பு வேலை முடிந்ததும் உட்காருவாள். "போடுங்க" என்பாள். ரிமோட் என்னிடம்தான். கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகலையே என்று என் குரல் என் வீட்டிலேயே கேட்கும். முடிந்ததும் "இன்னொரு தடவை" என்பாள். முதல் இரண்டு நாள் போட்டுவிட்டு வாசலுக்குப் போய்விட்டேன். மூன்றாம் நாள், "எங்க போறீங்க, உக்காருங்க" என்றாள். அதிலிருந்து உட்காருகிறேன். அவள் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டே பார்ப்பாள். நான் இப்போது அவன் தாடையைப் பார்க்கிறேன்.

இன்று அவள் குளிக்கப் போன பிறகு டிவியை அணைத்தேன். அணைத்த திரையில் குறை தெரியும் என்று சொன்னேன் அல்லவா. கீழ்ப்பக்கம் ஓரிடத்தில் மட்டும் விரல் எண்ணெய் படிந்து திட்டாக இருந்தது. கைரேகை பட்ட கண்ணாடியை ஒருநாளும் நான் யாருக்கும் கொடுத்ததில்லை. பழக்கத்தில் கை துணியை எடுத்துவிட்டது. மேலிருந்து துடைத்தேன். இரண்டு ஓரத்தையும் துடைத்தேன். அந்தத் திட்டுக்கு அருகே வந்ததும் துணி நின்றது. அதைச் சுற்றித் துடைத்துவிட்டு, துணியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அவளுடைய ஸ்டூலில் உட்கார்ந்தேன்.