எங்கே வலிக்கிறது?

குடிநீர் வாரிய அலுவலகத்தில் அவளை எல்லோரும் டெண்டர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பேனாவிலிருந்து பம்பு வரை, அவள் கை படாமல் அங்கே ஒரு பொருள் உள்ளே வராது. வேலையில் படு கெட்டிக்காரி. மனசு மட்டும் வேறு ஊரில் கிடந்தது. புருஷன் அங்கே கணக்கு வாத்தியார். மூன்று வயது மகளும் அவனோடுதான். இவள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். போன வாரம் அந்தக் குட்டி, பக்கத்து வீட்டுக்காரியிடம், "இவங்கதான் என் ஞாயித்துக்கிழமை அம்மா" என்று சொல்லிவைத்தது. சிரித்துக்கொண்டே பஸ் ஏறியவள் வழி முழுக்க அழுதாள்.

மாற்றல் மனு இயக்குநரின் மேசையில் தூங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு டிஜிட்டல் ஐயா என்று பட்டப்பெயர். தண்ணீர் வராவிட்டாலும் பரவாயில்லை, அது வராததைத் திரையில் பார்க்க முடிய வேண்டும் அவருக்கு!

"புகார் இயந்திரம் மட்டும் நல்லபடியா ஓடட்டும்மா, அன்னைக்கே உங்க மாற்றல்ல கையெழுத்து போடறேன்" என்று சொல்லியிருந்தார்.

வாசலில் நிற்கப்போகிற தொடுதிரை இயந்திரம் அது. வருகிறவர்கள் குறையைத் திரையில் தொட்டுச் சொன்னால், எண் போட்ட சீட்டைக் கொடுத்து, எந்த அறைக்குப் போக வேண்டும் என்று குரலும் கொடுக்கும். அதற்கு டெண்டர் விட வேண்டும் என்றால் இயந்திரம் எப்படி இருக்க வேண்டும் என்று நூறு பக்கத்துக்கு எழுத வேண்டும். அதை யார் சொந்தமாக எழுதுகிறார்கள்? சொந்தமாக எழுதினால் தணிக்கைக்காரன் கேள்வி கேட்பான். வேறு துறையிலிருந்து எடுத்துப்போட்டால் வாயே திறக்க மாட்டான். அதனால் அக்கா பெரிய ஆஸ்பத்திரியின் டெண்டரை வாங்கி, 'மருத்துவமனை' என்ற இடத்திலெல்லாம் 'குடிநீர் வாரியம்' என்று மாற்றி, பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் பின்னிணைப்பைப் பார்க்காமல் அனுப்பிவிட்டாள். மேலே கையெழுத்துப் போட்ட ஆறு பேரும் பார்க்கவில்லை. அது வேறு கதை.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் கம்பெனி இன்ஜினியர் இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார். திரையில் முதல் கேள்வி வந்தது: 'நோயாளியின் பெயர்?'

அக்கா குனிந்து இன்னொரு தடவை படித்துப் பார்த்தாள். அடுத்து ஒரு மனித உருவம் வந்தது. 'எங்கே வலிக்கிறது? தொட்டுக் காட்டவும்.' அதற்கடுத்து, 'வலி எவ்வளவு? ஒன்று முதல் பத்து வரை.'

"என்னய்யா இது, அநியாயமா இருக்கு!"

"பின்னிணைப்புல நீங்க கேட்டதுதான் மேடம்" என்றார் இன்ஜினியர், பவ்யமாக. "ஒரு எழுத்து மாறினாலும் டெண்டர் தள்ளுபடின்னு நீங்களே எழுதியிருக்கீங்க. நாங்க ஏன் வாயைத் திறக்கப் போறோம்? வலி எட்டுக்கு மேல போனா நேரா தலைமை மருத்துவர்கிட்ட அனுப்பணுமாம். இங்க மருத்துவர் யாரும் இல்ல. இயக்குநரோட ஒண்ணாம் நம்பர் ரூமைப் போட்டிருக்கேன்."

"மாத்துங்க. இப்பவே மாத்துங்க!"

"மாத்தலாம். கமிட்டி கூடணும், ஒப்புதல் வரணும். மூணு மாசம்."

அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை அவளுக்கு. போச்சு, மாற்றல் போச்சு, எல்லாம் போச்சு.

மறுநாள் ரிப்பன் வெட்டி, பத்திரிகைக்காரர்களைப் பார்த்து டிஜிட்டல் ஐயா முழங்கினார். "இந்த இயந்திரம் யாரை என் அறைக்கு அனுப்புதோ, அவங்க வேலையை அன்னைக்கே கையெழுத்து போட்டு முடிப்பேன். இது என் வாக்கு!"

முதலில் வந்தது ஒரு தையல்காரம்மா. நோயாளி என்று படித்துவிட்டு, "ஆமா, பின்ன?" என்றாள். மனித உருவத்தில் இடுப்பைத் தொட்டாள். "மூணாவது மாடிக்குக் குடம் தூக்கித் தூக்கி இடுப்பு போச்சு." பத்தை அழுத்தினாள். பின்னால் நின்ற கடைக்காரர் வயிற்றைத் தொட்டார். "பூட்டிக் கிடக்கிற கடைக்கு இவ்வளவு பில்லு போட்டா வயிறு எரியாதா?" அவர் ஒன்பது. தண்ணீர் மீட்டர் கண்ணாடி லேசாகக் கீறியிருக்கிறது என்று வந்த ஆசாமி நெடுநேரம் யோசித்து, நியாயமாக இரண்டு போட்டார்.

அக்கா தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, திட்டு எப்போது விழும் என்று காத்திருந்தாள். ஒரு நிருபர்தான் முதலில் வாயைத் திறந்தார். "மக்களோட வலியைக் கேக்குற அலுவலகம்! யார் சார் யோசனை?"

டிஜிட்டல் ஐயாவுக்கு வாயெல்லாம் பல். "எல்லாம் நம்ம யோசனைதான்" என்றார், கொஞ்சம்கூடக் கூசாமல்.

மத்தியானத்துக்குள் தையல்காரம்மா வீட்டுக்குக் குழாய் பார்க்க ஆள் போயாகிவிட்டது. அக்காவுக்கு உயிர் வந்தது. மனுவோடு இயக்குநர் அறைக்குள் நுழைந்தாள்.

"அடடே, வாங்க வாங்க! உங்க மூளையை அடுத்த ஊருக்கு அனுப்பிட்டு நான் என்னம்மா பண்றது? எல்லாக் கிளையிலும் இது வரணும். மாற்றலை ரெண்டு வருஷம் மறந்துடுங்க."

"சார், நீங்க சொன்ன வார்த்தை..."

"சொன்னேன். இவ்வளவு நல்லா ஓடும்னு யாருக்குத் தெரியும்?"

வெளியே வந்தாள். தப்பு செய்தால் போக முடியாது, சரியாக வந்தாலும் போக முடியாது, நல்ல நியாயம்! எதிரே இயந்திரம் பளபளவென்று நின்றது. விறுவிறுவென்று போய் வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தது.

'எங்கே வலிக்கிறது?'

யோசிக்கவே இல்லை அவள். மகள் உட்கார்ந்திருக்க வேண்டிய இடுப்பைத் தொட்டாள். வலி எவ்வளவு? பத்து. அதற்கு மேல் எண் இல்லை, இருந்தால் அதையும் அழுத்தியிருப்பாள்.

"அடுத்த நோயாளி, அறை எண் ஒன்று" என்று இயந்திரம் கூடமே அதிரக் கூப்பிட்டது.

கதவு திறந்தே கிடந்தது. நிருபர் இன்னும் போகவில்லை. பில்லைச் சரிசெய்துகொண்ட கடைக்காரர், என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று எட்டிப் பார்த்தார். அக்கா மனுவை மேசையில் வைத்து, மேலே சீட்டையும் வைத்தாள்.

"நோயாளி வந்திருக்கேன் சார்."

இயக்குநர் சீட்டைப் பார்த்தார், நிருபரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பலே ஆளும்மா நீங்க" என்று பேனாவை எடுத்தார்.

அன்று சாயங்காலமே அவள் பஸ் பிடித்துப் போய்ப் புருஷன் வீட்டுக் கதவைத் தட்டியபோது குட்டிதான் திறந்தது. அம்மாவை மேலும் கீழும் பார்த்தது. ஓடிவரவில்லை. விரல்விட்டு ஏதோ கணக்குப் போட்டது.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமையாம்மா?"

"இல்லடி தங்கம்" என்று அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை."