பின்சக்கரத் தடத்தின் மேல் ஒரு பாதம்

சகானிக்கு இன்னும் ஐம்பது நிமிஷம்தான் இருந்தது. அதற்குள் காட்டு விடுதிக்கு வந்திருக்கும் விருந்தாளிக்கு ஒரு சிறுத்தையைக் காட்டியாக வேண்டும்.

காட்டினால், ஜீப்பின் மூக்கு நுனியில் துருத்திக்கொண்டிருக்கும் தடம் பார்ப்பவரின் இருக்கை அவளுக்கு நிரந்தரம். காட்டாவிட்டால் நாளைக் காலையே சலவைக்கூடம். மூன்று வருஷமாகத் துவைத்த அதே வெள்ளைப் படுக்கை விரிப்புகள். விரிப்பு காயப்போடும் மணல்வெளியில் ராத்திரி நடந்துபோன மிருகங்களின் பாதங்களைப் படித்துப் படித்துத்தான் இந்த வித்தையே அவளுக்கு வந்தது. ஆனால் அந்த விடுதியில் ஒரு பெண் இந்த இருக்கையில் உட்கார்ந்ததில்லை.

தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் கசமுலா. பதினெட்டு வருஷம் இதே இருக்கையில் இருந்து தலைமைப் பதவிக்குப் போனவர். இன்று விருந்தாளி மாதிரி பின்வரிசையில் கம்பளி போர்த்திக்கொண்டு, மடியில் வெந்நீர்ப் பையோடு ராஜா போல உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா சகானி, சோப்பு வாசனை இன்னும் மூக்குல இருக்கா? சிறுத்தை வாசனை வரலையா?" என்றார், விருந்தாளிக்குப் புரியக்கூடாதென்று தங்கள் ஊர்ச் சோங்கா மொழியில்.

"வாசனை வருதுண்ணே. கம்பளிக்குள்ள இருந்து."

ஸ்டியரிங் பிடித்திருந்த வழிகாட்டி ரிசிமாட்டி சிரிப்பை இருமலாக மாற்றினான்.

"சண்டை போடறாங்களா?" என்று கேட்டாள் விருந்தாளி ஹெல்கா. ஹாம்பர்க்கில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மூன்று நாளில் சிங்கம், யானை, காண்டாமிருகம் எல்லாம் பார்த்துவிட்டாள். சிறுத்தை மட்டும் சிக்கவில்லை. பத்து மணிக்குக் குட்டி விமானத்தில் கிளம்புகிறாள்.

"இல்லை மேடம், வானிலை பத்திப் பேசறோம்" என்றான் ரிசிமாட்டி.

ஆறரை மணிக்கே சகானி தடத்தைப் பிடித்திருந்தாள். பெண் சிறுத்தை. பனி விழுந்த மணலில் விளிம்பு உதிராத பாதம். சாலையைத் தாண்டி, நான்கு பக்கமும் மண்பாதை சூழ்ந்த முட்காட்டுக்குள் நுழைந்திருந்தது.

"உள்ளதான் இருக்கு. ஆத்துப் பக்கம் வெளியே வரும்" என்று அடித்துச் சொல்லியிருந்தாள். அதை நம்பி ரேடியோவில் அழைப்பும் போயிற்று. இன்னொரு ஜீப் ஆற்றங்கரையில் தவம் கிடந்தது.

அவர்கள் காட்டைச் சுற்றிவந்தார்கள். வடக்கே தடம் இல்லை. கிழக்கே இல்லை. ஆற்றுப் பக்கம் ஒரு நரி நடந்திருந்தது, அவ்வளவுதான். முழுச் சுற்று முடிந்து புறப்பட்ட இடத்துக்கே வந்து, அதையும் கொஞ்சம் தாண்டி நின்றார்கள்.

ரேடியோ கரகரத்தது. "ரிசிமாட்டி, இங்கே நரி கொட்டாவி விடுது. நாங்க கிளம்பவா?"

"போதும்" என்றார் கசமுலா. "காபியை ஊத்து. அந்தம்மா அதையாவது குடிச்சிட்டுப் போகட்டும்."

ரிசிமாட்டி குடுவையைத் திறந்தான். கசமுலாவின் கையில் முதல் கோப்பை, எனாமல் கோப்பை, ஆவி பறந்தது. மடக்கு மேசைக்கு வெள்ளைத் துணி எடுத்தான். ஹெல்கா கீழே இறங்கப் படியில் காலை வைத்தாள்.

சகானி இருக்கையிலிருந்து குதித்து, மேசை போட இடம் பார்க்கப் பின்பக்கம் போனாள். மணலில் அவர்களுடைய டயர் தடம் ஓடியது. நேற்றுதான் மாட்டிய புது டயர். அம்புக்குறி அம்புக்குறியாக, அச்சுப் பதித்தாற்போல.

ஒரு அம்புக்குறியின் மேல் பாதம்.

அடுத்த அம்புக்குறியின் மேல் இன்னொரு பாதம்.

சகானி குனிந்து பார்த்தாள். டயருக்கு மேலே பாதம் என்றால், டயர் போன பிறகு வந்த பாதம்!

"யாரும் இறங்காதீங்க! ஏறுங்க மேடம், ஏறுங்க!"

ஹெல்கா ஏறினாள். கசமுலா புருவத்தை உயர்த்தினார்.

"அண்ணே, நான் சொன்னது தப்பு" என்றாள் சகானி. சொல்லும்போதே சலவைக்கூடத்துச் சோப்பு நுரை கண் முன்னால் வந்தது. இருந்தும் நிறுத்தவில்லை. "அது ஆத்துக்குப் போகலை. நாம அதைத் தேடிச் சுத்தினோம். அது நம்ம பின்னாலயே சுத்தியிருக்கு. முன்னால மட்டுமே பார்த்துக்கிட்டு வந்தேன், திரும்பிப் பார்க்கலை."

"சிறுத்தைக்கு உன் மேல காதலா?"

"மான் மேல காதல். அதோ பாருங்க."

நூறடி தள்ளி, வெட்டவெளியில் இம்பாலா மான் கூட்டம் மேய்ந்தது. ஒளிய ஒரு புதர் கிடையாது. ஜீப்பைப் பார்த்துப் பார்த்துப் பழகிய மான்கள், இப்போதும் தலை தூக்கவில்லை.

"நம்ம வண்டிதான் அதுக்குப் புதர். மெதுவா மான்களை நோக்கிப் போனா வெளியே வரும். நான் உள்ளே வந்து உட்கார்ந்துக்கறேன்."

சிறுத்தை அருகில் இருந்தால் தடம் பார்ப்பவர் வண்டிக்குள் வந்துவிட வேண்டும். அதுதான் சட்டம். ஆனால் கசமுலா கோப்பையை ஆட்டிக்காட்டினார்.

"பின்னாலதானே வருதுங்கறே? அப்புறம் முன்னால என்ன பயம்? போய் உன் இடத்துல உட்காரு. ஆட்டத்தை முடிச்சுக்குவோம்."

சகானி உட்கார்ந்தாள். கால்கள் பம்பருக்கு மேலே அந்தரத்தில் தொங்கின.

ஜீப் நடைவேகத்தில் நகர்ந்தது. எண்பதடி. அறுபது. எங்கோ ஒரு கவுதாரி வெடித்தாற்போலக் கத்தியது. நாற்பதில் ரிசிமாட்டி எஞ்சினை அணைத்தான்.

ஒன்றுமில்லை.

மறுபடி ஒன்றுமில்லை.

பிறகு அவளுடைய இடது பூட்ஸுக்குக் கீழே, சக்கரத்தின் நிழலிலிருந்து, மஞ்சளாக ஏதோ வழிந்து வந்தது.

தலை. தோள். புள்ளி புள்ளியாக முதுகு. வயிறு மண்ணில் உரச, பின்னாலிருந்து ஜீப்பின் ஓரமாகவே ஊர்ந்து முன்னால் வந்துவிட்டது! குனிந்தால் தொட்டுவிடலாம். சகானி குனியவில்லை. இமைக்கவில்லை. உள்ளே தாவ இனி நேரமில்லை. அசைந்தால் அவள் ஜீப்பின் ஒரு பாகம் இல்லை, தொங்கும் இறைச்சி. வாலின் நுனி அவள் பூட்ஸ் கயிற்றை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனது.

பின்னால் ஹெல்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சிறுத்தை பம்மியது. பின்கால் சதை இறுகியது. இதோ, இதோ...

டங்!

எனாமல் கோப்பை இரும்புத் தரையில் விழுந்து உருண்டது.

மான்கள் சீறின. சிறுத்தை பாய்ந்தது, அரை நொடி தாமதம். நகங்கள் காற்றைக் கிழித்தன. கூட்டம் நாலாபக்கமும் வானத்தில் எகிறியது. புழுதி அடங்கியபோது வெட்டவெளியில் அது தனியாக நின்றது. மெல்லத் திரும்பியது. சகானியைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி, பின்வரிசையைப் பார்த்து முறைத்தது. அப்புறம் அவசரமே இல்லாமல் முட்காட்டுக்குள் நுழைந்தது.

ஹெல்கா அழுதுகொண்டே கை தட்டினாள். "அது என்னைக் கடந்து போச்சு! கை நீட்டற தூரத்துல!"

ரேடியோ பதறியது. "என்ன சத்தம்? சிறுத்தை எங்கேப்பா?"

"வந்தது, போச்சு" என்றான் ரிசிமாட்டி. "ஏன் போச்சுன்னு கசமுலா அண்ணன் விளக்குவார்."

சகானி இப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். பின்னால் கசமுலாவின் காக்கிக் கால்சட்டையில் தொடையிலிருந்து முழங்கால் வரை காபி. அவர் அதைத் துடைக்கவில்லை. தொண்டையைச் செருமினார்.

"சகானி."

"சொல்லுங்கண்ணே."

"இந்தக் கறையைச் சலவைக்குப் போடணும்." கால்சட்டையைக் காட்டினார். "அங்கே இப்ப யார்கிட்டம்மா கொடுக்கணும்? நீதான் இனிமே அங்கே இருக்க மாட்டியே."